கரப்பான் ஜெல்: 11 வருஷமாகப் பூச்சி மருந்து வேலை பார்ப்பவன் எழுதும் விமர்சனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஒரு டியூப் வாங்கி ஒரு வாரம் பார்த்துவிட்டு எழுதுகிற விமர்சனம் இல்லை. 2014-லிருந்து கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் இந்த வேலை பார்க்கிறேன். வீடு, மெஸ், பேக்கரி, கல்யாண மண்டபம், அரிசி ஆலை என்று எல்லா இடத்துக்கும் போயிருக்கிறேன். இதுவரை எத்தனை டியூப் பிதுக்கியிருப்பேன் என்று கணக்கில்லை. ஆன்லைனில் இந்த ஜெல்லை, அதாவது இடுக்கில் புள்ளி புள்ளியாக வைத்துக் கரப்பானைத் தின்ன வைக்கும் மருந்து கலந்த இரையை, தேடிப் பார்த்தால் ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்து "ஒரு கரப்பான் கூட இல்லை" என்கிறார், அடுத்தவர் அதே டியூபுக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்து "சுத்த வேஸ்ட், காசு போச்சு" என்கிறார். இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஏன் அப்படி ஆகிறது என்பதை இந்த வேலைக்குள் இருப்பவன் சொன்னால் உங்களுக்கு உபயோகமாக இருக்கும் என்றுதான் எழுதுகிறேன்.

பிராண்ட் பெயர் எதுவும் சொல்லப் போவதில்லை, அது தேவையும் இல்லை. பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும். நம் ஊர்க் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை: இமிடாகுளோபிரிட் 2.15 சதவீதம், ஃபிப்ரோனில் 0.05 சதவீதம், இண்டாக்ஸாகார்ப் 0.6 சதவீதம். மூன்றும் வேலை செய்யும். மூன்றையும் நான் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன், ஏன் மாற்றுகிறேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். பெயரே போடாமல் "ஹெர்பல், கரப்பான் ஓடிவிடும்" என்று மட்டும் எழுதியிருந்தால் அதை அப்படியே கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கரப்பான் ஓடுவது நமக்கு வேண்டியதே இல்லை. அது வந்து சாப்பிட வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஜெல் என்பது பெரிய ஹோட்டல்களுக்கு மட்டும் என்று இருந்தது. மற்ற எல்லாருக்கும் ஸ்ப்ரேதான். டைக்குளோர்வாஸ் என்று ஒரு மருந்து, மூடியைத் திறந்தாலே தலை கிறுகிறுக்கும். அதைத் தண்ணீரில் கலந்து பம்ப்பில் ஊற்றிச் சமையலறை முழுக்க அடிப்போம். வீட்டுக்காரர்களுக்கு அந்த வாடை வந்தால்தான் மருந்து அடித்ததாக நம்பிக்கை. நான் முதலில் இருந்த இடத்தில் மாஸ்க் என்று கொடுத்தது ஒரு துணி முகமூடி. கையுறை கேட்டால் அடுத்த மாதம் வரும் என்பார்கள். அந்த அடுத்த மாதம் நான் அங்கே இருந்த இரண்டு வருஷத்தில் வரவில்லை. டைக்குளோர்வாஸை 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு மத்திய அரசு தடை செய்துவிட்டது. அந்தச் செய்தி வந்த அன்றைக்கு எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லி முடியாது.

சைபர்மெத்ரின் மாதிரி மருந்துகள் இன்னும் உண்டு. அவை வேறு மாதிரி படுத்தும். பகலில் ஒன்றும் தெரியாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகு கன்னம், உதட்டோரம், காது மடல் எல்லாம் மிளகாய் அரைத்த கையால் தொட்ட மாதிரி எரிய ஆரம்பிக்கும். வியர்த்தால் இன்னும் எரியும். சித்திரை வெயிலில் நம் ஊரில் வியர்க்காமல் இருக்க முடியுமா? என் மகள் குழந்தையாக இருந்தபோது வேலை முடிந்து வந்ததும் அவளைத் தூக்கமாட்டேன். குளித்து, சட்டையைத் தனியாக ஊறப் போட்டு, அப்புறம்தான் தூக்குவேன். அவள் கையை நீட்டிக்கொண்டு அழுவாள், நான் கிணற்றடிக்கு ஓடுவேன். ஜெல் வேலை மட்டும் இருந்த நாளில் அப்படி ஓட வேண்டியதில்லை. அதனால் இந்தப் பொருளின் மேல் எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், இந்த விமர்சனத்தில் அது கலந்துதான் இருக்கும்.

சரி, ஜெல் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு ராத்திரியைச் சொல்கிறேன்.

போன தை மாதம் கும்பகோணத்தில் ஒரு மெஸ்ஸுக்குக் கூப்பிட்டார்கள். முகூர்த்த நாள் வரிசையாக இருந்ததால் ராத்திரி பதினொன்று வரைக்கும் கூட்டம். முதலாளி அண்ணன் ஏற்கெனவே இரண்டு பேரை வைத்து ஸ்ப்ரே அடித்துப் பார்த்துவிட்டார், பத்து நாள் குறையும், பதினொன்றாம் நாள் பழையபடி. நான் உள்ளே போனதும் மருந்தை எடுக்கவில்லை. விளக்கை எல்லாம் அணைக்கச் சொல்லிவிட்டுக் கால் மணி நேரம் நின்றேன். என் டார்ச்சில் சிவப்பு ஜெலட்டின் பேப்பர் ஒட்டி வைத்திருக்கிறேன், சிவப்பு வெளிச்சம் கரப்பானுக்கு அவ்வளவாகத் தெரியாது. அதனால் ஓடாது. அந்த வெளிச்சத்தில் பார்த்தால்தான் அது எங்கிருந்து கிளம்பி எங்கே போகிறது என்று தெரியும்.

முதலில் ஃப்ரிட்ஜ். கதவு ரப்பரைக் கீழ்ப்பக்கம் லேசாகப் பிரித்தேன், மடிப்புக்குள் வரிசையாக உட்கார்ந்திருந்தன, சின்னது பெரியது எல்லாம். பின்பக்கம் கம்ப்ரஸர் இருக்கும் அறை, எப்போதும் கதகதப்பு, மேலே தண்ணீர் சொட்டும் தட்டு. அதற்கு இதைவிட நல்ல வீடு கிடையாது. அடுத்து கிரைண்டரின் வயிறு, மோட்டார் இருக்கும் பகுதி. அப்புறம் காப்பி கவுன்டரில் பாய்லருக்குப் பின்னால் சுவர் இடுக்கு. ஸ்டீல் மேஜையின் கால் உள்ளே குழாய் மாதிரி வெற்றாக இருக்கும், அடியில் ரப்பர் குப்பி கழன்றிருந்தால் அது ஒரு அடுக்குமாடி. சுவிட்ச் போர்டு. மசாலா டப்பா வைக்கும் அலமாரியின் கீல். கீல் பக்கம் டார்ச் அடித்தால் மிளகுத் தூள் சிந்தின மாதிரி கறுப்பாக இருக்கும், அது அதன் எச்சம். அந்தத் தூள் எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஜெல் வைக்க வேண்டும். நிறையப் பேர் தவறு செய்கிற முதல் இடம் இதுதான். பார்க்க வசதியாக இருக்கும் இடத்தில், சுவர் நடுவில், சிங்க் மேலே எல்லாம் வைத்துவிட்டு வேலை செய்யவில்லை என்கிறார்கள்.

அந்த கீல் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தேன். துவரம் பருப்பில் பாதி அளவு, தேன் நிறம். வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டு சிவப்பு வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்துக் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. கீலுக்குப் பின்னாலிருந்து முதலில் இரண்டு மீசை மட்டும் வெளியே வந்தது. ஒன்று மேலே ஒன்று கீழே என்று காற்றைத் துழாவிக்கொண்டே இருந்தது. அப்புறம் தலை, தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு. மீசை நுனி ஜெல்லில் பட்டதும் நின்றுவிட்டது. வாய்ப்பக்கம் இருக்கும் குட்டி விரல்கள் மாதிரியானவற்றால் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட ஆரம்பித்தது, அசையவே இல்லை. முதலாளி அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மூச்சுக்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "சக்கரைப் பொங்கல் மாதிரி சாப்பிடுதே தம்பி" என்றார். அது திரும்பிப் போவதற்குள் இன்னும் மூன்று வந்துவிட்டன.

இரண்டு மணி நேரம் வைத்தேன், புள்ளி புள்ளியாக. கிட்டத்தட்ட மூன்று டியூப் ஆனது. முடித்து எழுந்தபோது அண்ணனுக்கு மறுபடி சந்தேகம். "என்ன தம்பி, ஒரு வாடையும் இல்ல, தரையும் ஈரமா இல்ல. இவ்வளவுதானா?" நான் அவரிடம் இரண்டே விஷயம் சொன்னேன். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் பகலிலேயே தள்ளாடிக்கொண்டு கரப்பான் வெளியே வரும், அதைப் பார்த்துப் பயந்து எனக்குப் போன் பண்ணக் கூடாது. இரண்டாவது, யார் என்ன சொன்னாலும் பதினைந்து நாளைக்கு எந்த ஸ்ப்ரேயும் அந்தச் சமையலறைக்குள் வரக் கூடாது. மூன்றாம் நாள் அவரே போன் பண்ணினார், பயந்து இல்லை. ஃப்ரிட்ஜை நகர்த்திக் கூட்டினதில் அரை முறம் இருந்தது என்று சொல்லத்தான்.

இந்த ஜெல்லின் சூட்சுமமே அது உடனே கொல்லாததுதான். சாப்பிட்ட கரப்பான் நடந்து தன் கூட்டத்துக்குள் போக நேரம் கிடைக்கிறது. அங்கே போய்ச் சாகிறது. குஞ்சுகள் வெளியே வந்து இரை தேடுவது குறைவு, அவை பெரியவற்றின் எச்சத்தையும் செத்ததின் உடம்பையும்தான் தின்னும். அதில் மருந்து இருக்கிறது. அப்படி நீங்கள் டார்ச் அடித்தும் பார்க்க முடியாத இடுக்கில் இருப்பதும் போய்விடும். குறிப்பாக இண்டாக்ஸாகார்ப் என்பது பூச்சியின் வயிற்றுக்குள் போய் மாறின பிறகுதான் முழு விஷமாகிறது, அதனால் இந்தக் கைமாறும் வேலை அதில் நன்றாக நடக்கிறது. எனக்குப் பிடித்த வகை அது.

ஸ்ப்ரே ஏன் தோற்றது என்பதும் இதில் இருக்கிறது. இந்தச் சின்னக் கரப்பான், ஜெர்மன் கரப்பான் என்பார்கள், பெட்டை தன் முட்டைப் பையை வாலிலேயே சுமந்துகொண்டு திரியும். ஒரு பையில் முப்பது நாற்பது முட்டை. குஞ்சு பொரிக்கப் போகும் சமயத்தில்தான் கீழே போடும். அந்தப் பைக்குள் ஸ்ப்ரே இறங்காது. தாய் செத்தாலும் பொரிக்கும் தருவாயில் இருக்கும் பையிலிருந்து குஞ்சு வந்துவிடலாம். நம் ஊர்ச் சூட்டுக்கு அந்தக் குஞ்சு வளர்ந்து அதுவே பை சுமக்க இரண்டு மாதம் போதும். அதனால்தான் நான் ஜெல் வேலையை ஒரு தடவையாக எடுப்பதில்லை. முதல் தடவை, பதினைந்தாம் நாள், நாற்பத்தைந்தாம் நாள். மூன்றாவது தடவைக்கு அதிகம் செலவாகாது, ஆனால் அதை விட்டால் முதல் இரண்டும் வீண்.

இப்போது ஒரு நட்சத்திரம் கொடுப்பவர்கள் பக்கம் வருகிறேன்.

ஜெல் வைத்த இடத்தின் மேலேயோ பக்கத்திலேயோ ஸ்ப்ரே அடித்தால் அந்த ஜெல் செத்த ஜெல். கடையில் விற்கும் சிவப்பு டப்பா கறுப்பு டப்பா ஸ்ப்ரே எல்லாமே கரப்பானை விரட்டுகிற குணம் உள்ளவை. அந்த வாடை பட்ட ஜெல்லை அது தொடாது. கரப்பான் சாக்பீஸ் கோடும் அப்படித்தான். கோட்டைத் தாண்டி வரமாட்டேன் என்கிற பூச்சி எப்படி ஜெல்லுக்கு வரும்? ஃபினாயில் ஊற்றித் துடைத்த ஈரத்தில் வைத்தாலும் இதே கதை. நான் பார்த்த தோல்விகளில் பாதிக்கு மேல் இதனால்தான், ஜெல்லினால் இல்லை.

மயிலாடுதுறையில் ஒரு வீடு, வயதான அம்மா தனியாக இருந்தார். வீடு என்றால் அப்படி ஒரு சுத்தம். பதினைந்தாம் நாள் போய்ப் பார்த்தால் நான் வைத்த புள்ளியில் ஒன்று கூட இல்லை. கரப்பான் அப்படியே இருந்தது. "என்னமோ பிசுக்கு ஒட்டியிருந்துச்சு தம்பி, வெள்ளிக்கிழமை எல்லாத்தையும் சுரண்டித் தொடச்சிட்டேன்" என்றார். தப்பு என்னுடையது. நான் வேலை முடித்துக் கிளம்பும்போது அவருடைய மகனிடம் போனில் சொன்னேனே தவிர, அந்த வீட்டில் துடைக்கிறவர் யாரோ அவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் புள்ளியைக் காட்டவில்லை. அன்றைக்குப் பிறகு வேலை முடிந்ததும் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிறவர் உட்பட எல்லாரையும் கூப்பிட்டு டார்ச் அடித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குகிறேன்.

சூடு இன்னொரு எதிரி. தோசைக் கல் பக்கம், பாய்லரை ஒட்டி வைத்தால் இரண்டே நாளில் காய்ந்து பிசின் மாதிரி இறுகிவிடும். இறுகினதைக் கரப்பான் திரும்பிப் பார்க்காது. அங்கெல்லாம் கொஞ்சம் தள்ளி, நிழலான இடுக்கில் வைக்க வேண்டும், பதினைந்தாம் நாள் புதிதாக வைக்க வேண்டும். டியூபையும் வெயிலில் வைக்கக் கூடாது. ஒரு தடவை பைக் பெட்டிக்குள் போட்டுவிட்டு நீடாமங்கலத்தில் மத்தியானம் முழுக்க வேறு வேலையில் இருந்துவிட்டேன், எடுத்துப் பார்த்தால் எண்ணெய் தனியாகப் பிரிந்து முனையிலிருந்து தானாக வழிந்துகொண்டிருந்தது. அதைத் தூக்கித்தான் போட்டேன். வெயில் காலத்தில் இப்போது தெர்மாகோல் டப்பாவில் வைத்து எடுத்துப் போகிறேன்.

எறும்பும் உண்டு. இனிப்பு கலந்த இரை என்பதால் சில வீடுகளில் சிற்றெறும்பு ராத்திரியோடு ராத்திரியாகப் புள்ளியைக் காலி செய்துவிடும். எறும்புப் பாதை இருந்தால் முதலில் அதைக் கவனித்துவிட்டு இரண்டு நாள் கழித்து ஜெல் வைப்பேன்.

அப்புறம் அட்டைப் பெட்டி. ஹோட்டல்காரர்கள் "இரண்டு மாசம் நல்லா இருந்துச்சு, மறுபடி வந்துருச்சு, உங்க மருந்து பவர் போச்சு" என்கிறார்கள். மருந்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கரப்பான் புதிதாக வண்டியேறி வந்திருக்கிறது. மளிகை வரும் அட்டைப் பெட்டியின் நெளிநெளியான மடிப்பு, முட்டை வரும் அட்டைத் தட்டு, பால் பாக்கெட் வரும் பிளாஸ்டிக் கூடை, வெங்காய மூட்டை. இவற்றைச் சமையலறைக்குள் கொண்டுவராமல் வாசலிலேயே பிரித்துக் கொட்டிவிட்டுப் பெட்டியை அங்கேயே மடித்து வெளியேற்றினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 2011-ஆம் ஆண்டு விதிமுறைகளில் நான்காம் அட்டவணை என்று ஒன்று உண்டு, உணவு தொழில் செய்கிறவர்கள் பூச்சி எலி வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அதில் இருக்கிறது. அதற்காக நான் கொடுக்கும் சர்வீஸ் சீட்டை ஃபைலில் போட்டு வைக்கிறார்கள், நல்லது. அந்த ஃபைல் இருக்கும் அலமாரிக்கு அடியிலேயே நாலு மாதத்து அட்டைப் பெட்டியை அடுக்கி வைத்திருந்தால் நான் என்ன செய்வது?

பெரிய சிவப்புக் கரப்பான், மழை விழுந்ததும் பறந்து மேலே வந்து விழுமே, அது வேறு இனம். அது சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் இருப்பது. வீட்டுக்குள் ஜெல் வைத்தால் வந்ததைக் கொல்லும், வருவதை நிறுத்தாது. அதற்குத் தொட்டி மூடி இடுக்கை அடைக்க வேண்டும், தரைக் குழாய்க்கு ஜாலி போட வேண்டும், மூடியின் அடிப்பக்கம் ஈரம் படாத ஓரத்தில் கொஞ்சம் பெரிய புள்ளியாக வைக்க வேண்டும். இந்தக் கரப்பானுக்கு மட்டும் ஜெல்லை நம்பி வாங்காதீர்கள்.

மருந்தை மாற்றி மாற்றி வைக்கிறேன் என்று சொன்னேன் அல்லவா, அதற்குக் காரணம் இது. ஒரே இடத்தில் ஒரே ஜெல்லை வருஷக்கணக்கில் வைத்தால் அதற்குத் தப்புகிற கரப்பான் மட்டும் மிஞ்சிப் பெருகும். அமெரிக்காவில் இதைவிட விசித்திரமாக ஒன்று நடந்திருக்கிறது. அங்கே சில இடங்களில் கரப்பான் ஜெல்லையே தொடாமல் போனது. மருந்து பிடிக்காமல் இல்லை, ஜெல்லில் இருந்த குளுக்கோஸ் பிடிக்காமல். 2013-இல் ஆராய்ச்சியாளர்கள் பார்த்ததில் அந்தக் கரப்பான்களின் நாக்குக்கு, நாக்கு என்று வைத்துக்கொள்வோம், குளுக்கோஸ் கசப்பாகத் தெரிந்திருக்கிறது. நான் இதைப் படித்ததிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை மருந்தை மட்டும் இல்லை, கம்பெனியையும் மாற்றுகிறேன், ஏனென்றால் இரைக் கலவை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. புள்ளி வைத்து ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பார்ப்பதும் இதற்குத்தான். வந்து மோந்து பார்த்துவிட்டு விலகிப் போனால் அந்த டியூபை மூடிப் பையில் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பேன்.

பாதுகாப்பு பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 2024 நவம்பரில் சென்னை குன்றத்தூரில் எலிக்கு மருந்து வைத்த வீட்டில் தூங்கிய இரண்டு குழந்தைகள் இறந்து போனார்கள். அந்த வாரம் எனக்கு வந்த போனில் எல்லாம் ஒரே கேள்வி, "தம்பி, நீங்க வச்சுட்டுப் போனதும் அப்படித்தானா?" எனக்கும் அந்த வாரம் சரியாகத் தூக்கம் இல்லை. நான் வைப்பது காற்றில் கலக்கிற மருந்து இல்லை, புள்ளியாக ஒட்டியிருப்பது, அதிலிருந்து புகை ஆவி எதுவும் வராது என்று ஒவ்வொருவரிடமும் பொறுமையாகச் சொன்னேன். எலிக்கு வீட்டுக்குள் நான் ஒட்டுப் பலகையும் கூண்டும்தான் வைப்பேன். விஷ வாயு விடுகிற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை என்று யாராவது கொண்டுவந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள், அது ஆள் தூங்கும் வீட்டுக்குள் வைக்கும் பொருளே இல்லை. யார் வந்தாலும் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள், 1968-ஆம் வருஷத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி அது வேண்டும். என்ன மருந்து என்று கேளுங்கள், டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள். டப்பாவில் டைமண்ட் வடிவத்தில் ஒரு கட்டம் இருக்கும், அதன் கீழ்ப்பாதி நிறம் சிவப்பு என்றால் விஷம் மிக அதிகம், அடுத்து மஞ்சள், நீலம், கடைசியில் பச்சை. கேட்டால் கோபப்படுகிற ஆளை வேலைக்கு வைக்காதீர்கள். என்னிடம் கேட்கிறவர்கள் வீட்டில் வேலை செய்யத்தான் எனக்கு இஷ்டம்.

ஜெல்லும் மருந்துதான், பஞ்சாமிர்தம் இல்லை. தவழும் குழந்தை, நாய், பூனை இருக்கும் வீட்டில் கைக்கும் வாய்க்கும் எட்டாத இடுக்கில் மட்டும் வைக்க வேண்டும். சோறு வைக்கும் மேடை, காய் நறுக்கும் இடம், பாத்திரத்தின் மேல் வைக்கவே கூடாது. வைத்து முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும்.

ஜெல் எல்லாவற்றுக்கும் பதில் இல்லை என்பதற்கு ஒரு உதாரணம். ஐப்பசி, கார்த்திகையில் எனக்குத் தொடர்ந்து போன் வரும், "டியூப் லைட்டைச் சுத்திப் பச்சைப் பூச்சி லட்சக்கணக்கில், உடனே வந்து மருந்து அடிங்க" என்று. அது வயலிலிருந்து வருகிற பச்சைத் தத்துப்பூச்சி. சுற்றிலும் நெல் நிற்கிற ஊரில் அதற்கு மருந்து கிடையாது. வாசல் விளக்கை ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரைக்கும் அணைத்து வைத்து, ஜன்னலுக்கு வலை போடுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். அதற்கும் போய் ஸ்ப்ரே அடித்துக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம்.

விலை விஷயம். முப்பது கிராம், முப்பத்தைந்து கிராம் டியூப்தான் பொதுவாகக் கிடைக்கும். ஸ்ப்ரே டப்பாவோடு ஒப்பிட்டால் விலை அதிகம்தான். ஆனால் ஒரு சாதாரண வீட்டுச் சமையலறைக்கு எனக்கு ஆறேழு கிராமுக்கு மேல் ஆவதில்லை, மூன்று தடவைக்கும் சேர்த்து ஒரு டியூப் தாராளம். குனிந்து நிமிர்ந்து ஒரு மணி நேரம் டார்ச் அடித்துத் தேட உங்களால் முடியும் என்றால் என்னை மாதிரி ஆளைக் கூப்பிடாமல் நீங்களே வைக்கலாம், இதை நான் மனதாரச் சொல்கிறேன். ஹோட்டல், பேக்கரி, ஹாஸ்டல் என்றால் ஆளை வையுங்கள், ஃப்ரிட்ஜின் பின்மூடியைக் கழற்றுவது, மோட்டார் பக்கம் கை விடுவது எல்லாம் பழக்கம் இல்லாமல் செய்யக் கூடாது, கரண்ட் இருக்கிறது.

பொருளுக்கு என் மதிப்பு ஐந்துக்கு நாலரை. சூட்டில் சீக்கிரம் காய்வதற்கு அரை குறைத்திருக்கிறேன்.

அந்த மெஸ்ஸுக்கு நாற்பத்தைந்தாம் நாள் போனபோது நான் டார்ச்சை எடுப்பதற்குள் மாஸ்டர் தன் செல்போன் விளக்கைப் போட்டுக்கொண்டு மசாலா அலமாரிப் பக்கம் போய்விட்டார். "இங்க ஒண்ணும் இல்ல தம்பி, ஆனா தராசு வச்சிருக்க மேஜைக்கு அடியில மிளகுத் தூள் மாதிரி புதுசா தெரியுது பாருங்க" என்றார். பார்த்தேன், புதிதுதான், அதற்கு முந்தின நாள்தான் ஒரு பெரிய அட்டைப் பெட்டியில் தட்டு வந்திறங்கியிருக்கிறது. அங்கே ஆறு புள்ளி வைத்தேன். மற்ற இடத்தில் ஒன்றும் வைக்க வேண்டியிருக்கவில்லை.

வாங்குகிறவர்களுக்கு இன்னும் ஒன்று, டியூபோடு வரும் குட்டி மூடியைத் தொலைத்துவிடாதீர்கள். மூடாமல் ஒரு ராத்திரி கிடந்தால் முனையில் இறுகிக்கொள்ளும், அப்புறம் குண்டூசி விட்டுக் குத்தித்தான் எடுக்க வேண்டும்.